படம் எடுத்தவள் பெயர்

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த மெஸ்ஸில் தோசைக்குக் காத்திருந்தபோதுதான் பிர்தௌஸ் அந்தக் காலண்டரைப் பார்த்தாள். 1999-ஆம் வருஷத்துக் காலண்டர். மழை விட்ட விடிகாலை, உச்சியில் மட்டும் மேகம் வளையமாகச் சுற்றி நிற்கிற அண்ணாமலை. அவள் எடுத்த படம். மொட்டை மாடியின் ஈரச் சுவரில் முழங்கையை ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தது. அதன் கீழே சின்ன எழுத்தில் 'படம்: கண்ணாயிரம்' என்று அச்சாகியிருந்தது.

தோசை வந்தது. அவள் தொடவில்லை. எழுந்து நேராகக் கண்ணாயிரத்தின் கடைக்குப் போனாள்.

கண்ணாயிரம் சாமி படங்களுக்கு பிரேம் போட்டு விற்பவர். வருஷா வருஷம் சிவகாசியில் காலண்டர் அடித்து ஜில்லா முழுக்க அனுப்புவார். போன வருஷம் பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்க வந்தவர், அவளும் அவளைப் பெற்ற அத்தா நூருல்லாவும் நடத்தும் ஸ்டூடியோவின் சுவரில் இந்தப் படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "வீட்டுல பூஜைக்கு ஒண்ணு குடும்மா" என்று கேட்டார். பூஜைக்கு என்றதால் பெரிதாக பிரின்ட் போட்டு சும்மாவே கொடுத்தாள்.

"அண்ணே, காலண்டர்ல இருக்கறது என் படம்."

கண்ணாயிரம் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "மலை படம்மா அது. மலை என்ன உங்க வீட்டு சொத்தா?"

"மலை யாரு சொத்துன்னு கேக்க வரல. படத்த எடுத்தது நானு. உங்க பேரு எப்படி வந்துச்சு?"

"நல்லதுக்குதான் சொல்றேன், கேளு. பாய் வீட்டுப் பொண்ணு எடுத்ததுன்னு போட்டா எவன் பூஜை ரூம்ல மாட்டுவான்? சாமி காரியம். விட்டுடு."

"சாமி காரியத்துக்குத் திருடலாம்னு எந்த சாமி சொல்லிச்சு?"

கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்குக் காது மடல் கொதித்தது. இதே ஊரில் பிறந்து, தினமும் அந்த மலையைப் பார்த்தே பல் துலக்கியவள். அதைப் பார்க்கலாம், ஆனால் பார்த்தது நான்தான் என்று சொல்லக் கூடாதா?

அத்தாவும் விடச் சொன்னார். "நாலு தலைமுறையா இங்க இருக்கோம். கோயில் விசேஷத்துக்குக்கூட நம்மளத்தான் படம் எடுக்கக் கூப்புடுறாங்க. பகை வேணாம்மா."

அவள் விடவில்லை. மறுநாளே வக்கீல் சந்திரகலாவிடம் போனாள்.

"நீங்க பட்டனை அமுக்கின நிமிஷமே படத்தோட உரிமை உங்களுது" என்றார் சந்திரகலா. "பதிவு பண்ணாதான் உரிமைன்னு இல்ல. ஆனா பதிவு பண்ணி வச்சா நாளைக்கு கோர்ட்டுல அதுவே சாட்சி. விண்ணப்பம் டெல்லிக்குப் போவணும். அவரும் உரிமை கொண்டாடறதால அவருக்கும் நோட்டீஸ் அனுப்பணும். ஆட்சேபம் இருந்தா முப்பது நாளைக்குள்ள சொல்லுவாரு."

விண்ணப்பத்தில் 'படைத்தவர்' என்ற இடத்தில் பிர்தௌஸ் தன் பெயரைப் பேனா அழுந்த எழுதினாள். படத்தின் பிரதிகளோடு எல்லாம் ரிஜிஸ்டர் தபாலில் போயின.

இருபத்தாறாம் நாள் கண்ணாயிரத்தின் ஆட்சேபம் வந்தது. தான் கூலி கொடுத்து எடுக்கச் சொன்ன படம் என்றும், அதனால் உரிமை தனக்கே என்றும் எழுதியிருந்தார். கூடவே அதை ஒப்புக்கொள்ளும் ஒரு கடிதம். அதன் அடியில் இருந்தது அத்தாவின் கையெழுத்து.

"கூலி குடுத்து எடுக்கச் சொன்னவங்களுக்குத்தான் படம் சொந்தம்னு சட்டத்துல இருக்கு. விவரம் தெரிஞ்சவன் எவனோ சொல்லிக் குடுத்திருக்கான்" என்றார் சந்திரகலா.

பிர்தௌஸ் ஸ்டூடியோவுக்கு வந்து கடிதத்தின் நகலை அத்தா முன்னால் போட்டாள்.

நூருல்லா நகலைக் கவிழ்த்து வைத்தார். "வந்து உக்காந்தாரும்மா. 'பாய், விஷயம் பெருசாயிடும், பசங்க யாராவது கடையில கல்ல விட்டா என்னைக் கேக்காதீங்க'ன்னாரு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு."

"அவரு சிரிச்சாரு, நீங்க என்னை எழுதிக் குடுத்துட்டீங்க. அப்படித்தானே அத்தா?"

அதற்குப் பிறகு அவள் அவரோடு பேசவில்லை. கண்ணாயிரத்தின் மேல் இருந்த கோபத்துக்கு ஒரு கணக்கு இருந்தது, இதற்கு இல்லை. சோற்றைத் தட்டில் போட்டுவிட்டு எழுந்து போனாள். இருட்டறையில் ஒரே வேலையை இரண்டு முறை செய்தாள்.

பத்தாம் நாள் சந்திரகலா போன் செய்தார். "உங்க அத்தா இங்க இருக்காரு. தானாத்தான் வந்தாரு. பயமுறுத்தி வாங்கின கையெழுத்துன்னு பிரமாணம் எழுதிக் குடுக்கறேங்கறாரு. நீங்க நெகட்டிவ எடுத்துட்டு வாங்க."

அந்த ரோலில் மலைக்கு முன்னும் பின்னும் அக்கா பிள்ளையின் நாற்பதாம் நாள் படங்கள். பிள்ளை அழுகிறது, சிரிக்கிறது, நடுவில் மேகம் சூழ்ந்த மலை. யாரும் கூலி கொடுத்து எடுக்கச் சொன்ன ரோல் இல்லை அது. பதிலும் பிரமாணமும் நெகட்டிவின் நகலும் டெல்லிக்குப் போயின.

பதிவுச் சான்றிதழ் வர பதினோரு மாசம் ஆனது. அதற்குள் காலண்டர் முழுக்க விற்றுத் தீர்ந்திருந்தது. கண்ணாயிரம் அதே படத்தை அடுத்த வருஷத்துக்கும் அடித்து இறக்கியிருந்தார். சந்திரகலா சான்றிதழோடு போலீசில் புகார் கொடுத்தார். முதலில் இன்ஸ்பெக்டர் கூட "சாமி படத்துக்கெல்லாம் கேஸா?" என்றுதான் கேட்டார். சந்திரகலா சட்டப் புத்தகத்தைப் பிரித்து மேசைமேல் வைத்தார். அன்று சாயங்காலமே காலண்டர் கட்டுகள் ஜீப்பில் ஏறின.

இரண்டு நாள் கழித்துக் கண்ணாயிரம் ஸ்டூடியோவுக்கு வந்தார். குரல் இறங்கியிருந்தது.

"உன் பேரையே போட்டுடறேம்மா. பெரிய எழுத்துல. கேஸை வாபஸ் வாங்கிக்க. ஊர்க்காரங்க நாம."

"போன வருஷம் என் பேரு போட்டா எவனும் மாட்ட மாட்டான்னீங்களே?"

"அது... ஏதோ வாய் தவறி..."

"தவறல. தெளிவாத்தான் சொன்னீங்க. என் பேரையும் போட வேணாம், உங்க பேரையும் போட வேணாம். அந்தப் படம் உங்க கைக்கு இனிமே வராது. மீதிய கோர்ட்டுல பேசிக்கலாம்."

அவர் நூருல்லாவைப் பார்த்தார். "பாய், நீங்களாவது சொல்லுங்க."

நூருல்லா நாற்காலியை விட்டு எழுந்தார். "படம் அவளுது. அவ சொன்னதுதான்" என்றார். பிறகு வாசல் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு, கண்ணாயிரம் போகும்வரை நின்றார்.