வடியாத நீர்

அறுவடை முடிந்த வயல்கள், கதிரிழந்த தாள்களைச் சுமந்து, களைத்துப் படுத்த பெருவிலங்கின் முதுகுபோல் அடிவானம் வரை நீண்டு கிடந்தன. மேலைத் திசையில் கதிரவன் செம்மை குன்றிச் சாய, வடக்கே புறப்பட்ட வாடை, இலையுதிர்ந்த மரங்களின் ஊடே நுழைந்து, அவ்வாண்டின் முதல் உறைபனி அன்றிரவே இறங்கும் என்று அறிவித்தது. அவ்வேளையில், வயலோரத்து நெடுங்கொட்டகையின் கதவைப் பூட்டி, திறவுகோலை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றான் மூத்தவன்.

உள்ளே, கலப்பைக் கொழுக்கள் மண் சுரண்டப்பெற்று எண்ணெயில் மின்னின. விதைப்பெட்டி, எலிக்கு ஒரு மணியும் எஞ்சாதபடி துடைக்கப்பெற்றுக் கவிழ்ந்து கிடந்தது. அறுவடைப் பொறியின் வார்கள் தளர்த்தப்பெற்றுச் சுவரில் தொங்கின. அவை யாவும் மூத்தவனுடையவை. ஓரத்தில் நின்ற பழைய உழுபொறி ஒன்றே இளையவனுடையது. பல்லாண்டு அண்ணன் நிலத்திலே உழைத்துத் தேய்ந்த அவன், வரும் வேனிலில் அதைக்கொண்டு தனியே உழுது, மனையாளையும் மகளையும் தானே காப்பதென்று உறுதி பூண்டிருந்தான். தம்பி தன்னைக் கேளாமல் நிமிர்ந்து நடக்கப்போகிறான் என்னும் நினைவு, தொண்டையில் சிக்கிய முள்ளாய் அண்ணனை உறுத்திற்று.

குளிர்நாட்டு உழவர் அறிந்த ஒன்றை இங்கே சொல்லவேண்டும். பொறியின் சூட்டைத் தணிக்க அதன் வயிற்றில் ஓடும் நீரை, ஓய்வுக்காலத்துக்கு முன் அடித்திருகைத் திறந்து வடித்துவிட வேண்டும். வடியாத நீர் உறைந்து பருக்குமாயின் இரும்பும் பிளக்கும். அன்று இளையவன் அத்திருகின் அருகே குனிந்தபோதுதான், மகளுக்குக் காய்ச்சல் முற்றிவிட்டதென்று மனைவி கூவியழைக்க, போட்டது போட்டபடி ஓடினான். பின்னர்க் கதவடைக்க வந்த மூத்தவன், உழுபொறியின் அடியில் குனிந்து நோக்கினான். தரை உலர்ந்து கிடந்தது.

இருள் கவியுமுன் இளையவன் மூச்சிரைக்கத் திரும்பி வந்தான்.

"அண்ணே, பதட்டத்துல தண்ணிய வடிச்சேனா இல்லையான்னு எனக்கே ஞாபகம் வரல. சாவியக் கொஞ்சம் குடுங்க."

தன்முன் நீண்ட அந்தக் கைகளை மூத்தவன் பார்த்தான்.

"வடிச்சிட்டடா. நான்தான் பாத்தேனே. நீ போய்ப் புள்ளையப் பாரு."

இளையவன் நன்றியோடு அண்ணன் தோளைத் தொட்டுவிட்டுப் போனான். அன்றிரவு மூத்தவன் போர்வைக்குள் கிடந்து, குளிர் ஏறுவதை, விருந்தினனின் காலடிக்குச் செவிகொடுப்பவன்போல் கேட்டிருந்தான்.

பனி உருகிக் கொட்டகை திறந்த நாளில், இளையவன் பொறிக்குள் ஊற்றிய நீரெல்லாம் பிளந்த விலாவழியே ஒழுகியது. அவன் வெறுங்குடத்தோடு தரையில் அமர்ந்தான். அவன் மனைவிதான் மூத்தவனை ஏறிட்டு நோக்கினாள்.

"வடிச்சதப் பாத்தேன்னீங்களே மாமா, தரை நனைஞ்சிருந்துச்சா?"

"நனைஞ்சிருந்துச்சு."

இளையவன் தலை நிமிராமலே அவளை அடக்கினான். "அண்ணன்கிட்டயா கேள்வி கேக்குற? அவர் கண்ணால பாத்திருக்காரு. நான்தான் முழுசா வடியுறதுக்குள்ள மூடியிருப்பேன். இது வெளங்காத கை."

மறுநாள் விடியலில் அவன் அண்ணன் வயலுக்கே வேலைக்கு வந்தான். மூத்தவன் விரும்பியது கிடைத்தது. விரும்பியதற்கு மேலும் கிடைத்தது. கயிற்றில் முடிச்சிட்டாலும், கொழுவை இறுக்கினாலும், தம்பி ஒதுங்கி நின்று, வந்து ஒரு தடவை பார்த்துச் சொல்லுமாறு அண்ணனை அழைப்பான். மூத்தவன் செல்வான், எவ்வேலையும் பழுதின்றியே இருக்கும், சரியாக இருக்கிறதென்று அவன் சொன்ன பின்னரே இளையவன் முகம் தெளிந்து அடுத்த வேலைக்குக் குனிவான். உண்மையைச் சொல்லிவிட ஒவ்வோர் அழைப்பும் ஒரு வாயிலைத் திறந்தது. மூத்தவன் ஒருமுறையும் அதனுள் நுழைந்தானில்லை. அவன் மண்ணுக்குள் போன பின்னரும், பனிக்கு முந்திய மாலைதோறும், இளையவன் அண்ணனுடைய பொறியின் திருகைத் திறந்து, நீர் தன் காலடியை நனைத்து ஓடுவதைக் கண்ணாரக் கண்டும், வடிந்ததென்று சொல்ல ஆளின்றித் திரும்பித் திரும்பிப் பார்த்து நின்றான்.