கும்பிட்ட பக்கம்

மருதாம்பாள் அகலை ஏற்றிவிட்டு மேற்கே பார்த்துக் கும்பிட்டபோது அய்யாவு வாசற்படியில் உட்கார்ந்து, தேயிலைச் செடி கழிக்கிற கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளில் கடைசி அவர்களுடையது. வீட்டை ஒட்டி ஒரு மண்மேடு, அதன்மேல் கவிழ்த்து வைத்த மண்ணெண்ணெய் டின், டின்னின்மேல் அகல். அங்கே நின்று பார்த்தால் தோட்டத்துச் சாலை சரிவில் இறங்கிப் போய் இரண்டு மலைகளுக்கு நடுவில் உள்ள இடுக்கில் மறைவது தெரியும். மண்டபம் முகாமிலிருந்து வந்தவர்களைப் பந்தலூர் தாண்டி இந்த அரசுத் தோட்டத்தில் கொண்டுவந்து கொட்டிய லாரி அந்த இடுக்கு வழியாகத்தான் வந்தது. கொட்டிவிட்டு அந்த வழியாகவே திரும்பிப் போனது. வந்த வழியில்தானே விட்டுவந்த ஊர் இருக்கும் என்று மருதாம்பாள் முடிவு கட்டிவிட்டாள். இலங்கையில் அட்டன் பக்கத்துத் தோட்டத்தில் சவுக்கு மரத்தடியில் இருந்த முனியாண்டி சாமியும், அதே தோட்டத்தில் கட்டிக்கொடுத்த மகள் பவளமும் அந்த இடுக்குக்கு அந்தப் பக்கம் இருப்பதாக அவள் கணக்கு. மற்ற வீட்டுப் பெண்களும் அவளைப் பார்த்து அந்தப் பக்கமே கும்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

இடுக்குக்கு அந்தப் பக்கம் இருந்தது மலையாளச் சீமை. இலங்கை இருந்தது அவள் முதுகுப் பக்கம், தென்கிழக்கில். இந்த லயத்தில் அது தெரிந்த ஒரே ஆள் அய்யாவு. வாலிப வயதில் அட்டன் வாசகசாலையில் சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தைப் பார்த்துப் பார்த்து அவருக்கு மனப்பாடம். அந்த வாசகசாலைதான் அவருக்குக் கறுப்புச் சட்டையையும் கொடுத்தது. ஐயர் இல்லாமல், தாலி இல்லாமல், இரண்டு மாலையோடு கல்யாணம் செய்துகொண்டார். மறுமாதமே மருதாம்பாள் முனியாண்டி கோயிலில் ஒரு மஞ்சள் கயிற்றைத் தானே வாங்கித் தானே கட்டிக்கொண்டு வந்து நின்றாள். "நீங்க கட்டல. நானாத்தான் கட்டிக்கிட்டேன். உங்க கொள்கைக்கு ஒண்ணும் கொறைவில்ல" என்றாள். அன்றைக்குத் தொடங்கிய வழக்கு, கடல் தாண்டியும் முடியவில்லை.

அவள் தப்பான பக்கம் கும்பிடுகிறாள் என்று முதல் வாரமே அவருக்குத் தெரிந்துவிட்டது. சொல்லவில்லை. உள்ளுக்குள் சிரிப்பாக இருந்தது. "ஒன் முனியாண்டி இந்நேரம் மலையாளம் படிச்சிருக்கும்" என்று ஒருநாள் வாய்விட்டார். அவளுக்குப் புரியவில்லை. நாக்கு அரிப்புத் தாங்காமல் ஆபீஸ் கிளார்க் மனுவேலிடம் மட்டும் சொன்னார். மனுவேல் கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கத்தோலிக்கர். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு எட்டு மைல் நடக்கிற ஆள். சிரிப்பார் என்று அய்யாவு எதிர்பார்த்தார், மனுவேல் சிரிக்கவில்லை.

"ஏனுங்க அய்யாவு, நாங்க பீடத்தப் பாத்துத்தான் முழங்கால் போடறோம். பீடத்துக்குப் பின்னால வெறுஞ் செவுருதானுங்க. செவுத்தையா கும்பிடறோம்? உட்டுருங்க. அந்தம்மா நிம்மதியா இருக்கட்டும்."

அந்த நிம்மதி அவளுக்கு வேண்டியிருந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. பவளத்தின் மாமியார் வீட்டுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்தது. இவர்களுக்கு இந்தியா என்று வந்தது. எந்த அதிகாரி எந்த மேசையில் பிரித்தானோ, பெற்றவர்கள் ஒரு நாடு, பிள்ளை ஒரு நாடு. இவர்கள் கப்பலேறும்போது பவளம் ஐந்து மாதக் கர்ப்பிணி. முதல் இரண்டும் தங்கவில்லை, இது மூன்றாவது. "புள்ளைய நல்லபடியா கையில குடுத்துரு, வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்று தலைமன்னார் வரைக்கும் மருதாம்பாள் முனியாண்டியோடு பேசிக்கொண்டே வந்தாள். இங்கே வந்தபின் அதே பேச்சு அகலுக்கு முன்னால் நடந்தது. மகள் வீட்டிலிருந்து கடிதம் வரவில்லை. தினமும் மாலையில், பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்ததும் காலில் ஒட்டிய அட்டையைக்கூடப் பிய்க்காமல் முதலில் விளக்கு, பிறகுதான் அடுப்பு. மழை அடித்த நாளில் ஒரு கையில் சாக்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் நெஞ்சைத் தொட்டுக் கும்பிட்டாள். அய்யாவு அதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். சாமி பொய், அவள் நனைவது நிஜம் என்பது அவருக்குச் சங்கடமாக இருந்தது.

தை மாதம் இன்னொரு லாரி வந்தது. அதிலிருந்து இறங்கியவர்களில் கருப்பம்மா என்ற பெண்ணை மருதாம்பாள் அடையாளம் கண்டு ஓடினாள். அதே தோட்டத்தில் கீழ்க்கணக்குப் பிரிவில் கொழுந்து எடுத்தவள். ஆளைக் கட்டிக்கொண்டு, மூட்டையைக்கூட இறக்கவிடாமல், "பவளத்துக்கு என்னா புள்ள?" என்று கேட்டாள். கருப்பம்மா பின்னால் வந்து நின்ற அய்யாவுவின் முகத்தைப் பார்த்தாள்.

"ஒங்களுக்குச் சொல்லலயாக்கா? ஆம்பளப் புள்ளதான். ஆவணியிலயே பொறந்துச்சு. மூணு நாள்தான் இருந்துச்சு. எழுத வேணாம், கடல் தாண்டிப் போனவங்க மனசு ஒடைஞ்சு போகும்னு மாமியாக்காரி சொல்லிப்புட்டா."

"பவளம்?"

"நடமாடுறாக்கா. வேலைக்கும் போறா. பேச்சுத்தான் கொறைஞ்சு போச்சு."

மருதாம்பாள் அழவில்லை. கருப்பம்மாவின் மூட்டையை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு அவளுக்கு ஒதுக்கிய வீட்டில் கொண்டுபோய் வைத்தாள், அடுப்புக்கு விறகு கொடுத்தாள், ஊற்றுத் தண்ணீர் விழும் பீலி எங்கே என்று காட்டினாள். வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகு, "ஆவணி, புரட்டாசி, ஐப்பசி" என்று மாதங்களைச் சொல்லிப் பார்த்தாள். "செத்துப்போன புள்ள நல்லபடியா இருக்கணும்னு வெளக்குப் போட்டுக்கிட்டு இருந்திருக்கேன்" என்றாள். அப்போதும் அழவில்லை. அய்யாவுதான் அடுப்பங்கரைப் பக்கம் திரும்பிக்கொண்டு துண்டை வாயில் வைத்துக்கொண்டார். தாத்தா ஆகி மூன்று நாளில் அது இல்லாமல் போனது, அதுவும் தெரியாமல் ஐந்து மாதம் சாப்பிட்டுத் தூங்கி எழுந்திருக்கிறோம் என்ற நினைப்பு அவரைப் பிடித்துக்கொண்டது.

அன்று விளக்கு எரியவில்லை. மறுநாளும் இல்லை. விளக்குக்கு வைத்திருந்த எண்ணெயை எடுத்து அட்டை கடித்த காலில் தடவிக்கொண்டாள். திரிக்குக் கிழித்து வைத்திருந்த துணியால் விரல் வெட்டைக் கட்டிக்கொண்டாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் தயங்கித் தயங்கி வந்து பார்த்துவிட்டு, அவர்களும் ஒருவர் பின் ஒருவராக நிறுத்தினார்கள். "அய்யாவு அண்ணன் ஜெயிச்சிட்டாரு" என்று பீலியடியில் யாரோ சொன்னது அவர் காதில் விழுந்தது.

ஜெயித்ததென்னவோ உண்மைதான். முப்பது வருஷமாக அவர் கேட்டுக்கொண்டிருந்த வெற்றி அது. வந்து சேர்ந்தபோது வீட்டில் இருக்க முடியவில்லை. முன்பெல்லாம் அவர் ஒன்று சொன்னால் அவள் இரண்டு சொல்வாள். சோற்றை வைத்துக்கொண்டே சண்டை போடுவாள். சண்டையிலேயே பொழுது போகும். இப்போது "சோறு", "தண்ணி", "படுங்க" அவ்வளவுதான். அவள் கும்பிட்டதை அவர் நம்பியதே இல்லை. ஆனால் கும்பிடுகிற அவளை நம்பித்தான் இத்தனை காலம் ஓடியிருக்கிறது என்று அய்யாவுக்கு இப்போது தோன்றியது. அந்த அகலைத் தானே ஏற்றிவிடலாமா என்றுகூட ஒரு மாலையில் யோசித்தார். அது பொய். பொய்யை அவள் உடனே கண்டுபிடித்துவிடுவாள்.

ஒரு வழி இருந்தது, அது அவரிடம் மட்டும்தான் இருந்தது. பக்கம் தப்பு என்று சொல்லிவிடலாம். நீ கேட்டது அதன் காதில் விழவே இல்லை, வேறு யாரையோ பார்த்துக் கேட்டிருக்கிறாய் என்று சொன்னால் முனியாண்டி தப்பித்துவிடும். இல்லாத சாமிக்குத் தான் வக்காலத்து வாங்க வேண்டிவந்ததை நினைத்து அவருக்கே வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. சாமி தப்பித்தால் பழி யார் தலையில் விழும்? என் தப்பால்தான் பிள்ளை போனது என்று அவள் எடுத்துக்கொண்டால்? முதல் வாரமே சொல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தவர் என்று தன் தலையிலும் கொஞ்சம் விழட்டும், அதைத் தாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தார். நாலு நாள் அந்தச் சொல்லை வாயில் வைத்துக்கொண்டே மலைக்குப் போய்வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பனி விலகி வெயில் வந்திருந்தது. மருதாம்பாள் மண்மேட்டில் இருந்த டின்னை எடுத்து, கோழிக்குத் தண்ணீர் வைக்க ஆகும் என்று அலசிக்கொண்டிருந்தாள். அய்யாவு போய்ப் பக்கத்தில் நின்றார்.

"மருதா, ஒண்ணு சொல்லணும். நீ கும்பிட்டது தப்பான பக்கம் புள்ள. அங்கிட்டு இருக்கிறது மலையாளம். நம்ம தோட்டம் அங்கிட்டு இல்ல."

அவள் அலசுவதை நிறுத்தவில்லை.

"எனக்கு மொதல்லயே தெரியும். நான் சொல்லல. ஒன் மேல தப்பில்ல, என் மேலதான். அதுக்குக் கேட்டிருக்காது. நீ சாமியக் கோவிச்சுக்க வேணாம்."

மருதாம்பாள் டின்னைக் கீழே வைத்தாள். அவரை அவள் அப்படிப் பார்த்து வெகுநாளாயிருந்தது. அந்தப் பார்வையில் கோபத்தைவிட இரக்கம்தான் கூடுதலாக இருந்தது.

"சாமிக்குப் பக்கம் தெரியாதாக்கும்? நான் இங்கிட்டுத் திரும்பிக் கூப்பிட்டா அங்கிட்டு இருக்கிறதுக்குக் கேக்காதாக்கும்? அப்பிடியாப்பட்ட செவிட்டுச் சாமிய நான் எதுக்குக் கும்பிடப் போறேன்?"

"அப்ப..."

"கேட்டுச்சுங்க. நல்லாக் கேட்டுச்சு. கேட்டுப்புட்டுத்தான் செய்யல. அதனாலதான் பேச்ச நிறுத்திட்டேன். ஒங்க பக்கம் வந்துட்டேன்னு நெனைச்சீங்களா? நீங்க இல்லாததோட சண்டை போடுறீங்க. நான் இருக்கிறதோட போடுறேன்."

அய்யாவு வாசகசாலையில் எத்தனையோ பேரை மடக்கியவர். இதற்கு எந்தப் புத்தகத்திலும் பதில் படித்ததாக ஞாபகம் இல்லை. முனியாண்டியை அவர் இத்தனை வருஷம் ஏசியிருக்கிறார். இவள் ஒரு வார்த்தை பேசாமல் இருந்து அதற்குக் கொடுத்த தண்டனை அவரால் கொடுக்க முடியாதது.

அவள் திரும்ப டின்னை எடுக்கக் குனிந்தாள். குனிந்தவள் அப்படியே நின்றாள்.

"அப்ப எம்புள்ள எந்தப் பக்கம்?"

"என்னா?"

"சாமி எங்கிட்டு இருந்தா எனக்கென்னா. பவளம் எந்தப் பக்கம் இருக்கா? இவ்வளவு நாளும் அவளுக்கு முதுகைக் காட்டிக்கிட்டா நின்னேன்?"

வெளிவாசலில் பெண்டாட்டியைத் தொட்டுப் பழக்கமில்லாதவர், அவள் இரண்டு தோளையும் பிடித்துத் திருப்பினார். லயத்து வாசல்களில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திருப்பிய பக்கம் கவ்வாத்து வெட்டிய மலை மொட்டையாகக் கிடந்தது. அதன் உச்சியில் தண்ணீர்த் தொட்டி. அதற்கப்பால் நீலமாக இன்னொரு மலை, அதற்கும் அப்பால் வெறும் வெளிச்சம்.

"அந்தா, தொட்டிக்கு இடது கைப்பக்கமா. நேரா. அந்த மலைக்கு அங்கிட்டு, கடலுக்கு அங்கிட்டு."

மருதாம்பாள் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தாள். கும்பிடவில்லை. ஈரக்கையை முந்தானையில் துடைத்துவிட்டு, இரண்டு கையையும் வாயைச் சுற்றிக் குவித்துக்கொண்டு அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டாள்.

"ஏ பவளோவ்!"

குரல் மொட்டை மலைமேல் ஏறிப் போயிற்று. லயத்தில் ஒரு நாய் எழுந்து நின்றது. கருப்பம்மா கையில் இருந்ததைப் போட்டுவிட்டு வெளியே வந்தாள்.

"ஏ பவளோவ்! அம்மா இங்க இருக்கேன்டீ!"

மூன்றாவது முறை கூப்பிட அவள் மூச்சை இழுத்தபோது அய்யாவு கையை உயர்த்தி அவளை நிறுத்தினார். தலையைச் சாய்த்து, பதில் வருகிறதா என்று அந்த மலையைப் பார்த்துக் காதைக் கொடுத்தபடி நின்றார்.