கழுத்தில் இரண்டு புள்ளிகள்

ஸ்கேன் அறைக் கதவில் தொங்கிய பூட்டைப் பார்க்கப் பார்க்க மயக்க மருந்து டாக்டர் மஹ்ஜபீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பட்டப்பகலில் ஓர் ஆஸ்பத்திரியின் ஸ்கேன் அறை பூட்டிக் கிடக்குமா? ரெங்கராஜ் மேனேஜராக இருந்தால் கிடக்கும். சாவி அவர் இடுப்பில். அவரோ ஸ்ரீரங்கத்தில் பெருமாளைச் சேவிக்க வரிசையில் நிற்கிறார்.

ஸ்ட்ரெச்சரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவர் பாக்கியநாதன், எடமலைப்பட்டி புதூரில் பள்ளிக்கூட வாத்தியார். சொத்தைப் பல்லை ஒரு வாரமாகக் கிராம்பு வைத்தே ஓட்டியிருக்கிறார் மனுஷன். சீழ் கழுத்துக்கு இறங்கி, தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே கழுத்து என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. சீழை எடுக்க மயக்கம் கொடுக்க வேண்டும். அதற்கு முன் தொண்டைக்குள் குழாய் போக வேண்டும். போகாவிட்டால் குரல்வளைக்குக் கீழே உள்ள சவ்வைக் கீறி, அந்த வழியாக மூச்சு கொடுக்க வேண்டும். சுண்டுவிரல் நுனி அளவு இடம் அது. வீங்காத கழுத்தில் விரலுக்கே தட்டுப்படும். இங்கே தடவினால் பலகையைத் தடவுவது போல இருந்தது. உத்தேசமாக ஒரு நீலப் புள்ளி வைத்தாள் மஹ்ஜபீன். அதை அவளே நம்பவில்லை.

ஒருவழியாக ரெங்கராஜ் போனை எடுத்தார்.

"ரூல்ஸ்ங்க மேடம். வயித்துல இருக்கறது ஆணா பொண்ணான்னு யாராவது பாத்துச் சொல்லிட்டா, கோர்ட்டுக்கு அலையப் போறது நான்தானே?"

"சார், இவருக்கு அம்பத்தஞ்சு வயசு. இனிமே ஆணா பொண்ணான்னு பாத்து என்ன ஆகப்போகுது? மிஷினைத் தொட என் பேரும்தான் பதிவுல இருக்கு."

"இருக்குங்க, யார் இல்லேன்னா? வரிசை கிட்ட வந்துடுச்சு. தீர்த்தம் வாங்கிட்டு ஓடி வந்துடறேன்."

கருவில் ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்லக்கூடாது என்ற சட்டம் நல்ல சட்டம்தான். மிஷினை அறையை விட்டு நகர்த்தாதே என்கிறது. நோயாளியை அங்கே கொண்டுபோகாதே என்று எங்கே சொன்னது? சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கோயிலுக்குப் போ என்றா சொன்னது? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பது இதுதான்.

"டாக்டரம்மா, அவருக்கு உதடு நீலமாவுதுங்க," என்றாள் பாக்கியநாதனின் மனைவி ரோசரி.

மஹ்ஜபீன் நர்ஸ் பக்கம் திரும்பினாள். "ஆன்சி, ஆக்சிஜன் சிலிண்டர் திறக்கற ஸ்பேனரக் கொண்டாங்க."

"மேடம், பெரிய பிரச்சனையாயிடும்."

"ஆகட்டும். உடைச்சது நான்தான்னு சொல்லிடுங்க."

நாலைந்து அடியில் கொண்டி பெயர்ந்தது. ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளி, ஸ்கேன் கருவியைக் கழுத்தில் வைத்தாள். திரையைப் பார்த்ததும் "யா அல்லாஹ்" என்று வாய்க்குள்ளேயே சொன்னாள். மூச்சுக்குழாய் நடுவிலேயே இல்லை. சீழ் அதை இடப்பக்கமாகத் தள்ளியிருந்தது. சவ்வு இருந்த இடத்தில் இரண்டாவது புள்ளி வைத்தாள். முதல் புள்ளிக்கும் அதற்கும் ஒரு விரல்கடை தூரம்.

ஆபரேஷன் தியேட்டரில் மூக்கு வழியாகக் குழாயைச் செலுத்தப் பார்த்தாள். பாதியில் தொண்டை அடைத்துக்கொண்டது. பாக்கியநாதன் கண் செருகினார். இனி யோசிக்க நேரமில்லை. இரண்டாவது புள்ளியில் கத்தியை வைத்துக் கீறினாள். காற்று சீறிக்கொண்டு வந்தது. நெஞ்சு ஏறி இறங்கியது.

அவள் வெளியே வந்தபோது ரெங்கராஜ் திருமண் கலையாமல் உடைந்த கொண்டியின் முன் நின்றிருந்தார். ஆன்சி அவரிடம் தன் கழுத்திலேயே தொட்டுக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "விரலால பாத்து வெச்சது இங்க சார். மிஷின் காட்டினது இங்க. முதல் புள்ளியில கீறியிருந்தா அவர் போயிருப்பாரு."

ரெங்கராஜ் தன் தொண்டையை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

"பெருமாள்தான் காப்பாத்தியிருக்கார்," என்றார். "புதுப் பூட்டுக்குச் சொல்லிட்டேன் மேடம். இதைவிட கெட்டியா."

"சாவி?"

"வழக்கம்போல என்கிட்டதாங்க."

மஹ்ஜபீன் ஆன்சியின் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கித் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.