இத்ரிஸ் நடந்த அடிகள்

குவைத்தில் சாயங்காலமானால் எங்கள் திவானியாவில், அதாவது ஆண்கள் கூடும் வீட்டுக் கூடத்தில், உட்கார்ந்து கதையடிக்கும் பதினோரு பேரில் ஒன்பது பேருக்குச் சர்க்கரை. அதனால் ஒரு பந்தயம் கட்டினோம். அடியும் நாடியும் எண்ணி எல்லோர் போனுக்கும் கணக்கு அனுப்பும் கடிகாரத்தைக் கையில் கட்டி, தினமும் பத்தாயிரம் அடி நடக்க வேண்டும். மூன்று மாதக் கடைசியில் அதிகம் நடந்தவன் ஜெயித்தவன்; குறைவாக நடந்தவன் எல்லோருக்கும் ஆடு வெட்டிச் சோறு போட வேண்டும்.

நான் யோக்கியமாக நடந்தேன். வெளியே வெயில் ஆளைக் கொல்லும் என்பதால், கடைகள் திறக்குமுன் மாலுக்குள் சுற்றுவேன். மாடி ஏறினால் இரைப்பது நின்றுபோனது. என் பால்ய சிநேகிதன் அபு பர்ஜஸோ விடிந்ததும் திறந்துவிடும் கீழ்த்தள டீக்கடையில் உட்கார்ந்து எள் அல்வா தின்பான். அவன் கடிகாரம் அவனுடைய டிரைவர் இத்ரிஸ் கையில் நடக்கும்.

"ஏண்டா, உன் இதயத்துக்கும் சேர்த்து இத்ரிஸா நடப்பான்?"

"நடக்கட்டுமே, அவன் என்ன என்னை மாதிரி கிழவனா? நீ ஆட்டுக்குச் சொல்லி வை, அபு ஷம்லான்!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சர்க்கரை நரம்பை மரத்துப்போக வைக்கும், மாரடைப்பு வந்தால்கூட வலி தெரியாது, விடாமல் நடந்தால் இதயம் தேறும் என்று டாக்டர் எங்கள் இருவரிடமும் சொல்லியிருந்தார். அபு பர்ஜஸுக்கு இதயப் பரிசோதனையும் எழுதினார். இந்தக் கழுதை கடிகாரக் கணக்கைக் காட்டியிருக்கிறான். இத்ரிஸ் உட்கார்ந்திருக்கையில் எடுத்த நாடி அது, அறுபத்திரண்டு. நன்றாக நடக்கிறவர் இதயம் என்று மெச்சி, பரிசோதனையைத் தள்ளி வைத்துவிட்டார் டாக்டர்.

"உண்மையைச் சொல்லித் தொலைடா" என்று கெஞ்சினேன். "பந்தயம் முடியட்டும்" என்றான். நானாவது டாக்டரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். சிநேகிதனைக் காட்டிக்கொடுப்பதா என்று வாயை மூடிக்கொண்டேன்.

கடைசி நாள் காலை, மூன்றாம் சுற்றில் இத்ரிஸ் ஓடி வந்தான்.

"பாபா, இதுல நாடியே காட்டல. வெறும் கோடுதான் வருது."

"இறுக்கிக் கட்டுடா."

"கட்டிட்டேன் பாபா."

கழற்றி என் கையில் கட்டினேன். நூற்று நான்கு காட்டியது. மறுபடி அவன் கையில் கட்டினால் கோடு. அவன் மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி படபடவென்று அடித்தது. மாலில் ஏசி இரைச்சலைத் தவிரச் சத்தமில்லை.

"எங்க முதலாளி பாபா கீழதானே இருக்காரு?" என்றான் இத்ரிஸ். இருவரும் ஓடினோம்.

அபு பர்ஜஸ் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். கையில் கரண்டி. டீயில் இன்னும் ஆவி. முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. தோளைத் தொட்டேன், சாய்ந்துவிட்டான்.

ஆம்புலன்ஸ்காரர்கள் வெகுநேரம் மார்பை அமுக்கிப் பார்த்துவிட்டு எழுந்தார்கள். ஏன் செய்தேனோ தெரியாது, இத்ரிஸிடமிருந்து கடிகாரத்தைக் கழற்றி அபு பர்ஜஸ் கையில் கட்டினேன். மூன்று மாதத்தில் அது அவன் கைக்கு வந்தது அன்றுதான்.

கோடு மறைந்தது. அறுபத்திரண்டு.

"நாடி இருக்கு! பாருங்க!" என்று கத்தினேன். ஒருவர் மறுபடி கழுத்தைத் தொட்டுப் பார்த்து, இல்லையென்று தலையை ஆட்டினார். அசையாத அந்தக் கையில் அடிக்கணக்கு ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தது. இத்ரிஸ் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான்.

பத்தாயிரம் ஆனதும் கடிகாரம் ஒருமுறை அதிர்ந்தது. கூடவே என் பையிலிருந்த போனும் அதிர்ந்தது. பந்தயத்தில் அபு பர்ஜஸ் ஜெயித்துவிட்டான் என்று எங்கள் எல்லோருக்கும் செய்தி வந்திருந்தது.