அருகருகே இரண்டு வாய்

1
இந்தக் கதை என் சமையலறை ஜன்னலில் பிறந்தது. அரிசோனாவில், குளிருக்குத் தப்பி வண்டிவீட்டோடு வந்து தங்குகிறவர்களின் முகாமில், பதினெட்டாம் மனையில் எங்கள் வண்டிவீட்டை நிறுத்தி ஏழு குளிர்காலமாகிறது. ஜன்னலுக்கு நேர் எதிரே பத்தொன்பது, ஹார்லன்-இமோஜீன் தம்பதியின் மனை. அங்கே எனக்குத் தெரியாமல் ஒருவர் பல்கூடத் துலக்க முடியாது.

2
முதல் தொடக்கம்: "ஹார்லன் இறந்த பிறகும் இமோஜீன் தனியாகவே வண்டியை ஓட்டிக்கொண்டு—"

அடித்துவிட்டேன். படித்தவுடன் அவள்மேல் இரக்கம் வருகிறது. எனக்கு அன்று வரவில்லை.

இரண்டாவது: "அவள் தண்ணீர் இணைத்ததை நான் கவனிக்கவே—"

இதுவும் அடி. முகாமில் ஒருத்தர்கூட நம்பமாட்டார்.

3
சரி, நடந்ததையே சொல்கிறேன். இங்கே வந்து நின்றதும் கணவன் வெளியே முகாமின் குழாயிலிருந்து வண்டிக்குத் தண்ணீர் மாட்டுவான், மனைவி உள்ளே காபி போடுவாள். (யாரும் சட்டம் போடவில்லை. மீறினால் மட்டும் எல்லோரும் பார்ப்போம்.) ஹார்லன் போனபின் வந்த முதல் குளிர்காலத்தில், இமோஜீனின் வண்டிக்குப் பின்னாலேயே காரில் வந்த மகன் டுவைட் தாயின் முன்னால் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றான்.

"தண்ணி மாட்டக்கூடத் தெரியாம தனியா என்னம்மா பண்ணுவ? வண்டிய வித்துட்டு எங்கூட வந்துடு."

"தெரியாதுன்னு உங்கிட்ட யாருடா சொன்னா?"

"அப்ப மாட்டு. ஒழுங்கா வந்துச்சுன்னா நான் வாயே திறக்கல. சொதப்பினா சாவியக் குடுத்துடணும்."

"குடுக்கறேன். நீ போய்ச் சாப்பிட்டு வா. பக்கத்துல நின்னு முறைச்சா எனக்குக் கை ஓடாது."

4
அவள் பாத்திரத்தை நான் முட்டாளாக எழுதப் பார்த்தேன். முடியவில்லை. அழுத்தம் குறைக்கும் பித்தளைத் துண்டை முகாமின் குழாயில் முதலில் திருகினாள். அதில் குடிநீருக்கான வெள்ளை ரப்பர் குழாயை மாட்டினாள். எல்லாம் சரி. ஆனால் வண்டியின் பக்கவாட்டில் ஒரே அளவில், அருகருகே இரண்டு வாய். ஒன்று சமையலுக்கும் குளியலுக்கும். மற்றது வண்டிக்கடியில் கழிவு சேரும் கக்கூஸ் தொட்டியைக் கழுவ. எழுத்தெல்லாம் வெயிலில் வெளுத்துப்போயிருந்தது. அவள் இரண்டாவதில் மாட்டினாள்.

மாட்டி, முகாமின் குழாயைத் திறந்துவிட்டு என் ஜன்னலைப் பார்த்தாள்.

"பெர்னிஸ்! சரியாத்தானே மாட்டியிருக்கேன்?"

"உனக்கென்ன இமோஜீன், ஹார்லனே தோத்துடுவாரு!"

[இந்த இடத்தில் காரணம் சொல்ல வேண்டுமாம். பத்தொன்பதில் ஒரு கருவேலமரம் நிற்கிறது. முகாமிலேயே அந்த ஒரு மனைக்குத்தான் நிழல். அது காலியானால் அடுத்து எங்களுக்கு. காரணம் இவ்வளவு சின்னதாக இருப்பது கதைக்கு அழகில்லை, தெரியும். பெரிதாக வேறொன்று தேடினேன், கிடைக்கவில்லை.]

5
முடிவு அ: நான் செருப்பில்லாமல் ஓடிப்போய்க் குழாயை மூடினேன்.
முடிவு ஆ: தொட்டியின் வடிகால் தற்செயலாகத் திறந்திருந்தது, ஒன்றும் ஆகவில்லை.
இரண்டையும் நன்றாகவே எழுதினேன். 'அ'வைப் படித்து எனக்கே கண் கலங்கியது.

நடந்தது வேறு. அவள் சமையலறைக் குழாயைத் திறந்தாள், தண்ணீர் கொட்டியது. அது வண்டியின் உள்தொட்டியில் மிச்சமிருந்த தண்ணீர், பம்பு தள்ளியது. அவள் கைதட்டியது என் ஜன்னல்வரை கேட்டது. வெளித் தண்ணீரெல்லாம் கழிவுத்தொட்டிக்குள் போய், முக்கால் மணி நேரத்தில் அது நிரம்பிக் கக்கூஸ் பொங்கி, நடைவழி கடந்து, வாசற்படி வழியாக இறங்கியது. சாப்பிட்டுவிட்டு வந்த டுவைட் திட்டவில்லை. கையை மட்டும் நீட்டினான். அவள் சாவியை அதில் வைத்தாள்.

6
மூக்கைப் பொத்திக்கொண்டு நானும் துடைக்கப் போனேன். (போகாவிட்டால் பேச்சு வரும்.) இமோஜீன் முழங்காலிட்டுத் துடைத்தபடியே என்னிடம் சொன்னாள்:

"நீ மனசப் போட்டு ஒழப்பிக்காதடி. உங்க வீட்லயும் உன் வீட்டுக்காரர்தானே மாட்டுறாரு? உனக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

என் வீட்டுக்காரருக்கு முழங்கால் போய் நாலு வருஷம். அன்றிலிருந்து மாட்டுவது நான். அவர் மானத்துக்காக ஆளில்லாத நேரம் பார்த்துச் செய்கிறேன்.

அவளுக்கு நான் இரண்டு வார்த்தையில் பதில் சொன்னேன். அதை இங்கே எழுதப்போவதில்லை. நீங்களே ஏதாவது எழுதிக்கொள்ளுங்கள். எதை எழுதினாலும் நான் சொன்னதைவிட யோக்கியமாகத்தான் இருக்கும்.