பிரேக் இல்லாத இருக்கை

அத்தை பிரேசிலின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, கொஞ்சம் எந்திரி. மேப்பெல்லாம் தோலு."

"இந்த ஊருக்கு நாம போறோமா?"

"போகல."

"அப்புறம் என்னடி? போகாத ஊர்லதானே உக்காந்திருக்கேன். உன் வழிய நான் மறிக்கலயே."

தரையில் மேப்பை விரித்திருந்த தம்பி மகளுக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. அவளுக்கு எது வந்தாலும் எரிச்சலைத் துணைக்குக் கூட்டிக்கொண்டுதான் வரும். ஸ்கெட்ச் பேனாவின் மூடியைப் பல்லால் கடித்துத் திறந்து, அத்தையின் முழங்காலுக்கு மேற்கே கோட்டை ஆரம்பித்தாள். பெரு, அங்கிருந்து பெரிய ஏரியைச் சுற்றிக்கொண்டு பொலிவியா, உப்புப் பாலைவனத்தைத் தாண்டி சிலி, மலையேறி இறங்கினால் அர்ஜென்டினா. கோடை விடுமுறை முழுக்க. அப்பா, அம்மா, அத்தை, அவள். முக்கால்வாசி வழி பஸ்ஸில்.

அந்த மேப் வந்த கதை தனி. அத்தை ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்கும் வேலையில் இருந்தபோது பழைய சுவர் மேப்புகளைக் கழித்துக்கட்டினார்கள். உலகத்தை ஹெட்மாஸ்டர் எடுத்துக்கொண்டார். ஆசியாவை ஆபீஸ் கிளார்க் கொண்டுபோனார். ஐரோப்பாவுக்கு இரண்டு வாத்தியார்கள் சண்டை போட்டுக்கொண்டார்கள். யாரும் சீந்தாமல் மூலையில் கிடந்த தென் அமெரிக்காவைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு அத்தை வீட்டுக்கு வந்தாள். கூடத்துச் சுவரில் ஓதம் அடித்துக் காரை பெயர்ந்த இடத்தை மறைக்க அது அளவெடுத்த மாதிரி பொருந்தியது. அதற்குக் கீழே உட்கார்ந்துதான் அவள் படித்தாள். கணக்கு வராமல் தலையைத் தூக்கினால் எதிரே பொலிவியா இருக்கும். அந்த வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள். ஃபீஸ் எங்கே கட்டுவது, கையெழுத்து யாரிடம் வாங்குவது, நேர்காணலுக்கு எந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு போவது, எதைக் கேட்கவும் ஆள் கிடையாது. முட்டி மோதித் தெரிந்துகொண்டாள். இன்று ஒரு லிஃப்ட் கம்பெனியில் இன்ஜினியர். ஊர்க்காரர்கள் ஏறி இறங்கும் லிஃப்ட்டுகளில் பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் வேலை.

மேப்பைக் கழற்றியதில் சுவர் அம்மணமாக நின்றது. ஓதம் முன்பைவிடப் பரவியிருந்தது.

"இது ஆஸ்திரேலியா மாதிரி இல்ல?" என்றாள் அத்தை. "அடுத்த வருஷம் அங்க போலாம்."

உள்ளறையில் அம்மாவின் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஊருக்கெல்லாம் ரவிக்கை தைக்கிற அம்மா, ஒரு வாரமாக வீட்டு ஆட்களின் உள்ளாடைகளில் ரகசியப் பை தைத்துக்கொண்டிருந்தாள். பாஸ்போர்ட் வைக்கவாம்.

"பாவாடைக்குள்ள பாஸ்போர்ட்ட வச்சா, எவனாவது கேட்டா நடுவாசல்ல பாவாடையத் தூக்குவியா?" என்று அத்தை கத்தினாள்.

"நான் எடுக்கறப்போ நீங்க திரும்பி நின்னுக்கோங்க அண்ணி," என்றது மிஷினுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். "அதிருக்கட்டும், கோடை லீவுன்னுதானே சொன்ன? எதுக்குடி ஸ்வெட்டரு?"

"நமக்குக் கோடைன்னா அங்க குளிர்காலம்மா."

"எல்லாருக்கும் ஒரே சூரியன்தானே?" என்றாள் அத்தை.

"ஒரே சூரியன்தான். எல்லாருக்கும் ஒரே மாதிரி குடுக்க மாட்டேங்குது."

"அதுவும் அந்த ஹெட்மாஸ்டர் மாதிரிதானா!"

கல்யாணம், சாவு, ஆஸ்பத்திரி. இந்த மூன்றைத் தவிர வேறெதற்கும் இந்தக் குடும்பம் பெட்டி கட்டியதில்லை. காரணமே இல்லாமல் ஓரிடத்துக்குப் போய் வேடிக்கை பார்த்துவிட்டு வருவது வேறு யாருக்கோ எழுதி வைத்தது என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். டிராவல் ஏஜென்சியில் இருந்தவர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுத்து, "அங்க உங்க ஆளுங்க யாராவது வேலை பாக்கறாங்களா?" என்று கேட்டார். "இல்ல, சும்மா போறோம்" என்றாள். சித்தப்பா, "அந்தக் காசுக்கு ஒரு மாடி எடுக்கலாமே" என்றார். "எடுத்து? அதுமேல ஏறி நின்னா பொலிவியா தெரியுமா?" என்று அவள் கேட்டதிலிருந்து சித்தப்பா பேசுவதில்லை. மேனேஜர்தான் உச்சம். "ஃபேமிலியோடவா? மொதல்ல பக்கத்துல எங்கயாவது போய்ப் பழகும்மா" என்றார், நீச்சல் தெரியாத குழந்தைக்குச் சொல்வதுபோல. அவள் முறைத்த முறைப்பில் கொஞ்சம் இறங்கி வந்து, "சரி, திங்கட்கிழமை தேதியச் சொல்லிடு. இல்லன்னா அந்த மாச லீவ வேற ஆளுக்குக் குடுத்துருவேன்" என்றார்.

இவ்வளவு பேரையும் சமாளித்தாயிற்று. சமாளிக்க முடியாத ஒரே ஆள் அப்பா.

அப்பா நெடுந்தூர பஸ் டிரைவர். இந்த மாதத்தோடு ஓய்வு. மேப்பில் கோடு போட ஆரம்பித்த நாளில் அவர்தான் எல்லோரையும்விடக் குதித்தார். "மலைல எத்தன வளைவு? வண்டி என்ன மாடலு?" என்று துளைத்தெடுத்தார். ராத்திரி முழுக்க ஓடும் பஸ்களில் படுத்துக்கொண்டே போகலாம் என்று அவள் சொன்ன மறுநாள் குரல் மாறிவிட்டது.

"நான் வரலம்மா. நீங்க மூணு பேரும் நல்லபடியா போய்ட்டு வாங்க."

"ஏன்?"

"வீட்ட யாரு பாத்துக்கறது?"

"வீடு எங்கப்பா ஓடிப்போகப் போகுது?"

"முட்டி வலி வேற."

"நேத்து தண்ணி டேங்க் மேல ஏறி நின்னீங்களே, அது யாரு முட்டி?"

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு டிப்போவுக்குக் கிளம்பிவிட்டார். அவர் வராவிட்டால் தானும் வரவில்லை என்று அம்மா சொல்லிவிட்டாள். "தம்பி இல்லாம நான் மட்டும் அவ்ளோ தூரம் போய் யாரத் திட்டறது?" என்றாள் அத்தை. ஒரே ஆள் எழுந்து போனதில் நான்கு நாடும் கவிழ்ந்துவிட்டது. அவள் ஸ்கெட்ச் பேனாவைச் சுவரில் விட்டெறிந்தாள். அது ஆஸ்திரேலியாவில் பட்டு விழுந்தது.

அம்மா மிஷினை நிறுத்திவிட்டு வந்து அதை எடுத்துக் கொடுத்தாள். முகத்தில் ஒரு திருட்டுச் சிரிப்பு.

"அவருக்கு வீடும் இல்ல, முட்டியும் இல்லடி. இன்னொருத்தன் ஓட்டற வண்டில உங்கப்பாவால உக்கார முடியாது. கல்யாணமான மறுநாள் எங்க வீட்டுக்குப் பஸ்ல போனோம். இவரு பின்னாலேர்ந்து கியர மாத்து, கியர மாத்துன்னு சொல்லிட்டே வந்தாரு. அப்புறம் முன்னாடி போய் அந்த டிரைவர்கிட்ட என்னமோ கேட்டாரு. அவன் வண்டிய ஓரங்கட்டி எங்க ரெண்டு பேரையும் நடுரோட்டுல இறக்கி விட்டுட்டான். புதுச் செருப்போட எங்கம்மா வீடு வரைக்கும் நடந்தேன். அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, இந்த ஆளோட வாழ்க்கை எப்படி இருக்கும்னு."

யோசித்துப் பார்த்தாள். அப்பா பயணியாக உட்கார்ந்து அவள் பார்த்ததே இல்லை. எந்தக் கல்யாணத்துக்கும் பைக்கில் முன்னால் போய்விடுவார். இல்லாவிட்டால் அவர் ஓட்டுகிற பஸ்ஸிலேயே இவர்களை ஏற்றிக்கொண்டு போவார்.

"சரி," என்றாள். "ஞாயித்துக்கிழம ஒத்திகை."

அணைக்குப் போய்த் திரும்பும் ஒரு தனியார் பஸ்ஸில் நான்கு டிக்கெட் போட்டாள். போகும் வழியில் ஒரு மலை, மலை முழுக்க வளைவு. டிரைவரிடம் பேசக் கூடாது, எழுந்து நிற்கக் கூடாது என்று அப்பாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அவர், ஊசி போடக் கூட்டிப் போகும் பிள்ளை மாதிரி வந்தார். டிரைவருக்குப் பின்னால் வலது பக்க முதல் வரிசையில் அப்பாவும் அம்மாவும். இடது பக்கம் அவளும் அத்தையும்.

வண்டி ஸ்டாண்டை விட்டு வெளியேறும் முன்பே அப்பாவின் வலது கால் தரையைத் தேடத் தொடங்கியது. முன்னால் ஒரு ஆட்டோ குறுக்கே வந்ததும் தடாலென்று மிதித்தார். இல்லாத பிரேக். அதற்கப்புறம் நிறுத்தவே இல்லை. சந்துக்குச் சந்து மிதி. இடது கை காற்றில் கியர் மாற்றியது. டிரைவர் சின்னப் பையன். பாலத்து ஏற்றத்தில் தாமதமாகக் கியர் மாற்றினான். அப்பா கண்ணை இறுக மூடி, "கிளட்ச தேய்க்கிறான் பாரு, தேய்க்கிறான் பாரு" என்று மந்திரம் மாதிரி முணுமுணுத்தார்.

பின் இருக்கையில் இருந்த யாரோ ஒரு அம்மாள் எட்டிப் பார்த்து, "ஐயாவுக்கு வலிப்பா?" என்றாள் அத்தையிடம்.

"இல்லம்மா. டிரைவரு."

"அடப் பாவமே."

மலை அடிவாரத்தில் டீக்கடையில் வண்டி நின்றது. அப்பாவின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவர் டம்ளரை வாங்காமல் தள்ளி நின்றார். அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏம்பா, உலகத்துல உங்களத் தவிர வேற எவனுக்கும் வண்டி ஓட்டத் தெரியாதா? நீங்க இல்லன்னா எல்லாம் கவிழ்ந்துருமா? நான் எத்தன மாசமா மண்டைய உடைச்சு ஒவ்வொரு பஸ்ஸாப் பாத்து வச்சிருக்கேன், என்னையாவது நம்ப மாட்டீங்களா?"

அப்பா அவளைப் பார்க்கவில்லை. பஸ்ஸைப் பார்த்தார். அதன் ஜன்னல்களில் இரண்டு மூன்று தலைகள் தூக்கத்தில் சாய்ந்திருந்தன.

"அவன் நல்லாத்தாம்மா ஓட்டறான்," என்றார் மெதுவாக. "அதுல குறையில்ல. எனக்குக் கண்ண மூடினா, பின்னாடி வண்டி நெறைய ஆளு இருக்கற மாதிரியே இருக்கு. எல்லாரும் தூங்குவாங்க. அத்தன வருஷமும் எல்லாரும் தூங்குவாங்க, ஒருத்தன் முழிச்சிருப்பான். அந்த ஒருத்தன் நானாவே இருந்துட்டேன். இப்பப் போய்த் தூங்குன்னா, எப்படித் தூங்கறதுன்னு தெரியல."

அவள் கையில் போன் இருந்தது. அதில், போகிற ஒவ்வொரு ஊரிலும் எந்தப் பக்கம் இறங்க வேண்டும், எந்த மருந்தை யார் பையில் வைக்க வேண்டும், அம்மா வழி தவறினால் எங்கே நிற்க வேண்டும் என்பது வரை யோசித்து முடித்திருந்தாள். பேங்க், ஆஸ்பத்திரி, கரண்ட் பில், எதுவானாலும் அந்த வீட்டில் பல வருஷமாக அவள்தான். யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை. அவளாகப் போய் உட்கார்ந்துகொண்ட இடம் அது. இப்போது எழுந்திருக்கச் சொன்னாலும் கால் தரையைத் தேடும்.

டீயை ஊதிக் குடித்துக்கொண்டிருந்த அத்தை அப்பாவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். "ரெண்டும் ஒரே கம்பெனி வண்டிதான். மாடல்தான் வேற," என்றாள். "நானும் உங்கம்மாவும் மட்டும்தான் இந்தக் குடும்பத்துல ஒழுங்காத் தூங்கறவங்க. எங்களையாவது கூட்டிட்டுப் போங்க."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டீயை வாங்கிக்கொண்டார். பாதி குடித்துவிட்டு, சத்தியத்தை மறந்து நேராக டிரைவரிடம் போனார். அம்மா தன் செருப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டாள், நடக்கத் தாங்குமா என்பதுபோல. ஆனால் டயரைக் காட்டி இரண்டு பேரும் ஏதோ பேசிச் சிரித்தார்கள். திரும்பி வந்த அப்பா, "அவனுக்கும் இதே கததானாம். மாமனார் கார்ல போனா டேஷ்போர்டப் பிடிச்சுட்டே போவானாம்" என்றார், பெரிய பரிசு வாங்கியவர்போல.

அணையைப் பார்த்தார்கள். தண்ணீர் குறைவாகத்தான் இருந்தது. அத்தைக்கு அதுவே பெரிதாக இருந்தது. காரணமில்லாமல் அவர்கள் பார்த்த முதல் தண்ணீர் அது. திரும்புகிற வழியில் அவள் போனை எடுத்தாள். மேனேஜரின் பெயரைத் திறந்து, நாளைக்குச் சொல்ல வேண்டிய தேதியைத் தட்டாமல் மடியில் வைத்துக்கொண்டாள். வண்டி மலையிலிருந்து இறங்கத் தொடங்கியது. அப்பாவின் கால் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"பாப்பா," என்றார் திடீரென்று. "அந்த ஊர்லெல்லாம் வண்டி எந்தப் பக்கம் ஓடும்?"

"வலது பக்கம்ப்பா."

"அப்ப ஸ்டியரிங்கு?"

"இடது பக்கம் இருக்கும்."

அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார். "அப்ப நான் இந்தப் பக்கம் உக்காந்துதான் பழகணும். நீ அந்தப் பக்கம் போ. அக்கா, நீயும் எந்திரி."

"நானா? எனக்கு ஜன்னல்," என்றாள் அத்தை.

"எந்திரிக்கா. போகாத ஊர்லயே உக்காந்திருப்பியா?"

ஆடுகிற பஸ்ஸில் அம்மாவையும் சேர்த்து நான்கு பேரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து இடம் மாறினார்கள். பின் இருக்கை அம்மாள், "என்னம்மா ஆச்சு?" என்று பதறினாள். "பயிற்சி," என்றாள் அத்தை.

அவள் வலது பக்க ஜன்னலில் தலையைச் சாய்த்தாள். கண் தானாகச் சொருகியது. கடைசியாக அவள் பார்த்தது, இடது பக்க முதல் வரிசையில், புதுப் பக்கத்துக்குப் பழகாமல் தடுமாறிய அப்பாவின் உடம்பைத்தான். முன்னால் ஒரு கொண்டை ஊசி வளைவு. அவருடைய வலது கால் எழும்பியது. "பிரேக் மட்டும் அதே கால்தானே?" என்று யாரிடமோ கேட்டார். பக்கத்தில் பாதித் தூக்கத்தில் இருந்த அம்மா, கண்ணைத் திறக்காமலேயே செருப்பைக் கழற்றிவிட்டுத் தன் பாதத்தை அந்தக் காலின் மேல் வைத்தாள். வண்டி வளைவில் திரும்பியது. இரண்டு கால்களும் ஒன்றின் மேல் ஒன்றாக, மெல்லத் தரைக்கு இறங்கின.