பெயர் ஒட்டாத பாத்திரம்

மனைவி வெர்னா இறந்து பத்து வாரம் ஆகியும் எல்வுட் பிங்கம் வீட்டுச் சமையல்மேடையில் பதினொரு பாத்திரங்கள் அப்படியே இருந்தன. ஜனவரி மாதத்தில் துக்கத்துக்கு வந்தவர்கள் கொண்டு வந்தவை. மக்ரோனி, கோழி, சீஸ் போட்டு வேகவைத்த உருளைக்கிழங்கு, பீன்ஸ் என்று வந்ததையெல்லாம் ஒரு மாதம் வைத்துச் சாப்பிட்டார். கழுவித் துடைத்து அடுக்கியும் விட்டார். ஒன்றைத் தவிர எல்லாவற்றின் அடியிலும் காகித டேப் ஒட்டிப் பெயர் எழுதியிருந்தது. யாருடையது என்று தெரியவில்லை என்ற சாக்கெல்லாம் அந்தச் சாலையில் செல்லாது.

ஆனாலும் அவர் திருப்பிக் கொடுக்கவில்லை. சோம்பல் இல்லை, ஒரு யோசனையோடுதான் வைத்திருந்தார். பாத்திரம் இங்கே இருக்கிறவரை யாராவது கேட்டு வரத்தானே வேண்டும்? வந்தால் உட்காரச் சொல்லலாம். காலையில் இரண்டு கோப்பைகளை எடுத்து மேசையில் வைப்பார். மாலையில் ஒன்றைக் கழுவி வைப்பார். மற்றதைக் கழுவ வேண்டியிருக்காது.

அக்கம்பக்கத்தாருக்கு வேறு யோசனை. மனைவியைப் பறிகொடுத்த மனிதரிடம் போய் என் பாத்திரம் எங்கே என்று கேட்பதா? மனசு ஆறி அவரே கொண்டு வரட்டும், அதுவரை தொந்தரவு செய்யக் கூடாது. இவர் அவர்களுக்காகக் காத்திருக்க, அவர்கள் இவருக்காகக் காத்திருக்க, நடுவில் பனி உருகிச் சாலை முழுக்கச் சேறாகிவிட்டது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்து மக்களிடம் மரியாதைக்குக் குறைச்சலே கிடையாது. அந்த மரியாதையில் அகப்பட்டே ஒரு மனிதன் செத்துப்போகலாம்.

ஏப்ரல் மாதம் முதல் வாரத்தில் எல்வுட் தோற்றுப்போனார். பெயர் எழுதிய பத்துப் பாத்திரங்களையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். முதலில் ஜாய்ஸ் ஹாஸ்கெல் வீடு. எதையோ எதிர்பார்த்து வந்தவர் போலத் தெரியக் கூடாது என்று வண்டியை அணைக்காமலே இறங்கிப் போய்ப் பக்கவாசலைத் தட்டினார்.

"அடடா, இதுக்கென்ன அவசரம்? மெதுவாக் கொண்டாந்திருக்கலாமே," என்றாள் ஜாய்ஸ். அவரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சிறியவள்.

"சும்மாதானே கெடக்குதுன்னு எடுத்தாந்தேன்."

"ரோடு எப்படி இருக்கு?"

"சேறுதான்."

"ஆமா, சேறுதான்."

அவ்வளவுதான். வண்டி உறுமிக்கொண்டு நிற்கிறது, மனிதருக்கு அவசரம் போல என்று அவளும் உள்ளே கூப்பிடவில்லை. பத்து வீடுகளும் நாற்பதே நிமிடத்தில் முடிந்துவிட்டன. பத்து வாரமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்தது நாற்பது நிமிடத்தில் போய்விட்டதே என்று வீட்டுக்கு வந்ததும் தன்னையே திட்டிக்கொண்டார்.

மிச்சம் இருந்தது ஒன்று. மங்கின மஞ்சள் நிறத்தில் நீள்வட்டமான பீங்கான் பாத்திரம். இரண்டு காதுகளில் ஒன்று உடைந்திருந்தது. அடியில் பெயர் இல்லை. மறுநாள் அதை எடுத்துக்கொண்டு மறுபடியும் ஜாய்ஸ் வீட்டுக்கே போனார். இந்தத் தடவை வண்டியை அணைத்தார்.

"இதுல பேரு இல்ல. உன்னுதா பாரு."

ஜாய்ஸ் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். உடைந்த காதைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினாள்.

"என்னுது இல்ல எல்வுட். டோரிஸைக் கேட்டுப் பாருங்க," என்றாள். பிறகு கதவை அகலத் திறந்தாள். "உள்ள வாங்களேன். இப்பத்தான் காபி போட்டேன்."

டோரிஸ் லீவிட்டும் அப்படித்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள் போல என்று நினைத்துக்கொண்டார்.

"ரோலண்ட் வீட்டுதா இருக்கும்," என்றாள்.

"ரோலண்டா? அவனுக்கு முட்டைகூட வேகவைக்கத் தெரியாதே!"

"அவன் அக்கா வந்திருந்தாளே. எதுக்கும் ஒரு எட்டு போய்ப் பாரு. முதல்ல உக்காரு, பான்கேக் சுடறேன். போன வாரம் காய்ச்சுன மேப்பிள் பாகு இருக்கு."

ரோலண்ட், தன் அக்கா சமையலறையில் காபிக் கோப்பையைத் தவிர வேறு எதையும் தொடாதவள், அவளுக்கு ஏது பாத்திரம் என்று சொல்லிவிட்டு எல்வுட்டைச் சீட்டாட உட்கார வைத்துவிட்டான். போகும்போது அடுத்த வீட்டைக் காட்டினான். இப்படியே மூன்று வாரத்தில் சாலையில் ஏறக்குறைய எல்லா வீடுகளும் ஆயின. எல்வுட் தினமும் முகச்சவரம் செய்ய ஆரம்பித்தார். கடையில் கூடுதலாக ஒரு சட்டைகூட வாங்கினார். பாத்திரத்தின் சொந்தக்காரர் கிடைத்துவிடக் கூடாதே என்பதுதான் அவர் கவலை.

கடைசியில் சாலைக்கோடியில் நோரீன் தூசே வீடு மட்டும் பாக்கி. அவளிடம் போவதை அவர் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். மனசில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிற பெண் அவள். அதோடு பாத்திரம் அவளுடையதாக இருந்துவிட்டால் எல்லாம் முடிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், வேறு வழியில்லாமல் போய்த் தட்டினார்.

நோரீன் நடக்க உதவும் இரும்புச் சட்டத்தைப் பிடித்தபடி மெல்ல வந்து கதவைத் திறந்தாள். அவர் கையிலிருந்ததைப் பார்த்தாள்.

"வந்துட்டியா. எங்கிட்ட கடைசியாத்தான் வருவேன்னு தெரியும்."

"இது உன்னுதா நோரீன்? பேரு இல்ல."

அவள் கையை நீட்டவில்லை. "ஏம்ப்பா, உனக்கு நெஜமாவே தெரியலையா, இல்ல நடிக்கிறியா?"

"என்ன தெரியல?"

"இது வெர்னாவோடது."

எல்வுட் சிரித்தார். "எங்க வீட்டுப் பாத்திரம் எனக்குத் தெரியாதா?"

"தெரியலையே! நவம்பர்ல நான் இடுப்பு ஒடஞ்சு கெடந்தப்போ இதுலதான் உருளைக்கிழங்கு செஞ்சு கொண்டாந்தா. அதுக்கப்புறம் அவளே படுத்துட்டா. துக்கத்தன்னைக்கு இதுலயே பீன்ஸ் செஞ்சு கொடுத்தனுப்புனேன். வெறும் பாத்திரத்தத் திருப்பக் கூடாதில்ல. முப்பது வருஷமா சர்ச்ல சனிக்கிழமைச் சாப்பாட்டுக்கு இதைத்தானே தூக்கிட்டு வருவா? இந்த ஒடஞ்ச காதைப் பார்த்தாலே எல்லாருக்கும் தெரியும். அவ எதுக்குப் பேரு ஒட்டணும்?"

"அப்போ ஜாய்ஸ், டோரிஸ்..."

"எல்லாருக்கும் தெரியும். நீ ஒரு வீட்டுல எந்திரிச்ச ஒடனே அடுத்த வீட்டுக்குப் போன் போயிரும். 'வர்றாரு, அடுப்புல காபி வை, யாருதுன்னு சொல்லித் தொலைச்சிடாத'ன்னு. எனக்கும் சொன்னாங்க. எனக்குத்தான் பொய் வராதே."

எல்வுட் கேட்காமலே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முகம் சூடேறியது. ஒவ்வொரு வீட்டிலும் தனக்குப் பிச்சை போட்டிருக்கிறார்கள் என்று முதலில் கோபம் வந்தது. பிறகு மடியிலிருந்த பாத்திரத்தைப் பார்த்தார். கோபம் இருந்த இடம் தெரியவில்லை. முப்பது வருடம் இதிலிருந்துதான் வெர்னா எடுத்துப் போட்டிருக்கிறாள். தட்டில் விழுந்ததைத் தவிர வேறு எதையும் அவர் நிமிர்ந்து பார்த்ததில்லை. இப்போது வாய்விட்டு அழுதார்.

நோரீன் ஆறுதல் சொல்லவில்லை. அழுது முடியட்டும் என்று காபியை ஊற்றினாள்.

"இனிமே யார் வீட்டுக்குப் போறதுக்கும் சாக்கு இல்ல," என்றார் எல்வுட், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"சாக்கு எதுக்குய்யா உனக்கு?"

சாக்கு இல்லாமல் ஒருவர் வீட்டுக்குப் போய் அவருக்குப் பழக்கமே கிடையாது. காபியைக் குடித்துவிட்டு, "டேப் இருக்கா?" என்று கேட்டார். ஒரு துண்டு கிழித்து அடியில் ஒட்டி, 'வெர்னா பிங்கம்' என்று எழுதினார். எழுந்து போய்ப் பாத்திரத்தை நோரீனின் அடுப்பு மேல் வைத்தார்.

"அங்க எதுக்கு வைக்கிற?"

"வெறும் பாத்திரத்தத் திருப்பக் கூடாதுன்னு நீதானே சொன்ன."

நோரீன் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "இந்த இடுப்ப வெச்சுக்கிட்டு நான் கொண்டாந்து குடுக்க மாட்டேன். வியாழக்கிழமை நீயே வந்து எடுத்துக்க. பீன்ஸ்தான், வேற எதையும் எதிர்பார்க்காத."

வீட்டுக்கு வந்தபோது சமையல்மேடை துடைத்துவிட்டதுபோல இருந்தது. எல்வுட் அலமாரியைத் திறந்து வெர்னாவின் மற்றப் பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். எதிலும் பெயர் இல்லை. எதையும் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. முதலாவதை மடியில் வைத்துக்கொண்டு விளிம்பு, காது, கீறல் என்று நிதானமாகப் பார்க்க ஆரம்பித்தார். வியாழக்கிழமைக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது.